அடுத்த ஸ்கேன் வரையிலான காலம்

முற்றிய புற்றுநோய் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது, நோய் தான் தோன்றிய உறுப்பைக் கடந்து ஈரல், நுரையீரல், எலும்பு, மூளை போன்ற இடங்களுக்குப் பரவிவிட்ட நிலையையோ, தோன்றிய இடத்திலேயே அறுவைச் சிகிச்சைக்குப் பிடிகொடுக்காதபடி சுற்றியுள்ள தசைகளையும் நாளங்களையும் பற்றிக்கொண்ட நிலையையோ ஆகும். இந்நிலையை அடைந்த பெரும்பாலான புற்றுநோய்களில் நோயை அடியோடு நீக்குவது சிகிச்சையின் இலக்காக இருப்பதில்லை. நோயை அடக்கிவைப்பதும், அது அடங்கியிருக்கும் காலத்தை நீட்டிப்பதும், அந்தக் காலத்தில் நோயாளி வலியில்லாமல் உண்ணவும் உறங்கவும் நடமாடவும் வழிசெய்வதுமே இலக்கு. அப்படிப்பட்ட ஒருவருக்கும் நல்ல செய்தி வருவதுண்டு என்பதும், அது பல முறை வரக்கூடும் என்பதும் இத்துறைக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் அறியாதவை. கட்டி சுருங்கியிருக்கிறது, புதிதாக எங்கும் பரவவில்லை, நோயின் போக்கைக் காட்டும் புரதம் இரத்தத்தில் இறங்கியிருக்கிறது, எட்டாத விலையில் இருந்த மாத்திரை கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது என்று அந்தச் செய்தி பல வடிவங்களில் வருகிறது.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இத்துறையில் பாடமே உண்டு. வால்ட்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறு படி முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. தனியிடம் பார்த்து உட்காருதல், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிதல், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அனுமதி கேட்டல், செய்தியை எளிய சொற்களில் சொல்லுதல், அதனால் எழும் உணர்ச்சிக்கு இடம்கொடுத்தல், அடுத்துச் செய்ய வேண்டியதைத் தொகுத்துரைத்தல் என்று அது விரிகிறது. நல்ல செய்திக்கு அப்படி ஒரு பாடம் இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில், அடுத்த டோக்கன் அழைக்கப்படும் இடைவெளியில், நின்றபடியே சொல்லப்படும் ஒற்றை வாக்கியமாக அது முடிந்துவிடுகிறது. இக்கட்டுரையாளர் திருநெல்வேலி வட்டாரத்தில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவிலும், பின்னர் வலிதணிப்புப் பிரிவிலும் செவிலியராகப் பணிபுரிந்தவர். முற்றிய நோயில் நல்ல செய்தியைச் சொல்வதற்கும் கெட்ட செய்திக்கு வேண்டிய அதே நேரமும் நாற்காலியும் சாத்திய கதவும் வேண்டும் என்பதும், அது எதுவரை செல்லும் என்ற கெடுவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கேட்பவருக்குப் பயன்படும் என்பதும் அந்தப் பணியில் ஊன்றிய கருத்துகள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் அதன் கரையில் வாழும் புற்றுநோயாளி சிகிச்சைக்காகச் செல்லும் தொலைவு பல வேளைகளில் அதைவிடப் பெரிது. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, மேலப்பாளையம், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோரத்து ஊர்களிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் 1965இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைக்கு வருவோர் ஒருபுறம் இருக்க, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சென்று 1981இல் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையத்தில் பதிவுசெய்துகொள்வோரும், நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் செல்வோரும் உள்ளனர். ஆகவே நல்ல செய்தி பெரும்பாலும் வேறோர் ஊரில் பிறந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட ரிப்போர்ட்டாகவோ கைப்பேசியில் வந்த படமாகவோ வீட்டுக்கு வந்து சேர்கிறது. அந்த ரிப்போர்ட்டின் அமைப்பே ஒரு தடை. அது நோயாளிக்கு என்ன நோய், எங்கெங்கு பரவியிருந்தது என்ற பழைய வரலாற்றை முதலில் எழுதி, ஒவ்வோர் உறுப்பாக விவரித்து, முடிவுரையின் கடைசி வரியில்தான் முந்தைய படத்தைவிட இது எப்படி இருக்கிறது என்று கூறுகிறது. கல்லூரியில் படிக்கும் பேத்தி அதை வாசிக்கத் தொடங்கி, முதல் வரியிலேயே ஈரலில் பரவியிருப்பதாகக் கண்டு வாசிப்பை நிறுத்திவிட, நல்ல செய்தி வந்த வீட்டில் இரவு முழுவதும் அழுகை கேட்டதும் உண்டு. ரிப்போர்ட்டைக் கடைசியிலிருந்து மேலாக வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது இத்தொழிலில் செவிலியர் செய்யும் சிறிய, ஆனால் மிகவும் பயனுள்ள பணிகளில் ஒன்று.

அந்தக் கடைசி வரி எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால்தான் அதன் பொருள் விளங்கும். திண்ம நிலைக் கட்டிகள் மருந்துக்கு எப்படிப் பணிகின்றன என்பதை அளக்க 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட ‘ரெசிஸ்ட்’ என்னும் அளவுமுறை வழக்கில் உள்ளது. அதன்படி சி.டி. ஸ்கேனில் 10 மில்லிமீட்டருக்குக் குறையாத கட்டிகளில் அதிகபட்சம் ஐந்தை, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மிகாமல் தேர்ந்தெடுத்து, அவற்றின் விட்டங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை ஒவ்வொரு முறையும் ஒப்பிடுகிறார்கள். தொகை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் அது பகுதி மறுமொழி. எல்லாக் கட்டிகளும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால் முழு மறுமொழி. அதுவரை பதிவான மிகக் குறைந்த தொகையிலிருந்து 20 விழுக்காடாவது கூடினாலோ, புதிய கட்டி தோன்றினாலோ நோய் முன்னேறியதாகக் கணக்கு. இவற்றுக்கு இடைப்பட்டது எல்லாம் நிலைத்த நோய். முழு மறுமொழி என்பதுகூட, கண்ணுக்கும் கருவிக்கும் தெரியும் அளவில் எதுவும் இல்லை என்பதைத்தான் குறிக்கிறது. ஒரு கட்டி படத்தில் தெரிய வேண்டுமானால் அதில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் சேர்ந்திருக்க வேண்டும். பெட் ஸ்கேனில் வேறு வழி கையாளப்படுகிறது. கதிரியக்கமுள்ள ஃப்ளோரின் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, அதைப் புற்றணுக்கள் எவ்வளவு ஆவலோடு உறிஞ்சுகின்றன என்று பார்க்கிறார்கள். அந்த ஃப்ளோரினின் பாதி 110 நிமிடங்களில் சிதைந்துவிடுவதால் வெளியூரிலிருந்து அது வந்து சேரும் நேரத்துக்கு ஏற்பத்தான் நோயாளியின் நேரம் குறிக்கப்படும். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வந்து மதியம் வரை காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது தனி வேலை.

இவற்றுள் விளக்கிச் சொல்லக் கடினமான நல்ல செய்தி, நிலைத்த நோய் என்பதே. ஆறு முறை கீமோ ஏற்றி, முடி இழந்து, நாக்கு மரத்து, நகையை அடகு வைத்த குடும்பத்திடம் கட்டி அதே அளவில் இருக்கிறது என்று சொன்னால், “அப்பம் கரையலையா சிஸ்டர்? இவ்வளவும் வீணா?” என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது; ஏனெனில் வளர்வதே அந்த நோயின் இயல்பு என்பதையும், மூன்று மாதம் அது வளராமல் நின்றது தானாக நடந்ததன்று என்பதையும் அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை. ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதை ஆற்றைக் கொண்டே விளக்குவது வழக்கமாயிற்று: ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வரும்போது குறுக்குத்துறைப் படித்துறையில் நிற்பவர்கள், தண்ணீர் வடிந்துவிட்டதா என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை, இன்னொரு படி ஏறிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்; ஏறவில்லை என்றால் அந்த இரவு உறங்கலாம். இந்த விளக்கத்தைக் கேட்ட ஒரு முதியவர், “மழை மேக்க பெய்யுதா இல்லையான்னும் பாக்கணும்லா” என்று உடனே திருப்பிக் கேட்டது, சொன்னவரைவிட அவருக்கு அது நன்றாக விளங்கிவிட்டதைக் காட்டிற்று.

ஒப்பீடு இல்லாமல் நல்ல செய்தியே இல்லை என்பது, பழைய படங்களைப் பாதுகாப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதையும் உணர்த்துகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாகி, தாமிரபரணி இரு கரையும் புரண்டு, ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டபோது, வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரில் அரிசியும் பத்திரங்களும் நனைந்ததுபோலவே நோயாளிகளின் கோப்புகளும் நனைந்தன. படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின, குறுந்தகடுகள் சேறாயின. அதன்பின் எடுத்த ஸ்கேனில் ஈரலில் இரண்டு கட்டிகள் தெரிகின்றன என்று எழுத முடிந்ததே தவிர, அவை சிறுத்த கட்டிகளா பெருத்த கட்டிகளா என்று சொல்ல முடியாத நிலை சிலருக்கு ஏற்பட்டது. நல்ல செய்தியாக இருந்திருக்கக்கூடிய ஒன்று, எதுவும் சொல்லாத தாளாக நின்றது. அந்த மழைக்குப் பிறகு ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவைக்கச் சொல்வதும், ஸ்கேன் மையத்திலேயே பழைய படத்தின் எண்ணைக் கேட்டுக் கோப்பின் மேலட்டையில் எழுதிவைக்கச் சொல்வதும் நடைமுறைக்கு வந்தன.

இந்த வட்டாரத்தில் நல்ல செய்திக்கு எதிரே நிற்கும் மிகப்பெரிய சுவர், கெட்ட செய்தி சொல்லப்படாமல் இருப்பதே. தகப்பனுக்கோ தாய்க்கோ புற்றுநோய் என்று தெரிந்த அன்றே பிள்ளைகள் மருத்துவரின் அறைக்குள் தனியே நுழைந்து, “அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க” என்று கேட்டுக்கொள்வது தென்மாவட்டங்களில் அன்றாடம் நடப்பது. அன்பினால் எழும் வேண்டுகோள் அது. அதைக் குற்றமாகப் பேசுவது முறையன்று. நோயாளிக்கு வயிற்றில் புண் என்றோ, நுரையீரலில் சளி என்றோ, சிறு கட்டி என்றோ சொல்லப்படுகிறது. அவரும் வார்டில் அடுத்த படுக்கைக்காரரிடம் பேசியும், சுவரில் எழுதியிருப்பதைப் படித்தும், கீமோ ஏறும்போது தன் உடம்பு சொல்வதைக் கேட்டும் உண்மையைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தனக்குத் தெரிந்ததை மறைத்துக்கொள்கிறார். இப்படி இரு தரப்பும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் ஈரலில் பரவியிருந்த கட்டிகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்ற செய்தி வந்தால், அதைச் சொல்வதற்கு வாசலே இல்லை. புண் ஆறிவிட்டது என்று சொன்னால், ஆறிய புண்ணுக்கு ஏன் இன்னும் மாதாமாதம் ஊசி என்று அவர் கேட்பார். நோய் குறைந்திருக்கிறது என்று சொன்னால், எந்த நோய் என்ற கேள்வி எழும். பிள்ளைகள் வராந்தாவில் நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, “ஒண்ணுமில்லப்பா, டாக்டர் சும்மா பாத்தாவ” என்று சொல்கிறார்கள். தன் உயிரைப் பற்றி வந்த மிக நல்ல செய்தியை அந்த மனிதர் ஒருவர் மட்டும் கேட்காமல் வீடு திரும்புகிறார்.

இத்தகைய நேரம்தான் மறைப்பைக் களைவதற்கு ஏற்ற நேரம் என்பது பல குடும்பங்களோடு பழகியதில் உறுதிப்பட்ட முடிவு. நோய் கண்டறியப்பட்ட வாரத்தில் உண்மையைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகளால் இயலாது, ஏனெனில் அப்போது சொல்ல அவர்களிடம் அச்சம் மட்டுமே இருக்கிறது. நோய் முற்றி முடிவு நெருங்கும்போது சொல்வது இன்னும் கடினம். நடுவில் வரும் நல்ல ஸ்கேன், உண்மையையும் ஆறுதலையும் ஒரே மூச்சில் சொல்லும் வாய்ப்பைத் தருகிறது. செவிலியர் முதலில் பிள்ளைகளிடம் பேசி, அவர்கள் இசைந்தபின் அவர்களை உடன் வைத்துக்கொண்டே நோயாளியிடம், “அண்ணாச்சி, உங்களுக்கு என்ன செய்யிதுன்னு நீங்க என்ன நினைக்கீங்க?” என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு, “எனக்குத் தெரியும்மா, ஆரம்பத்துலயே தெரியும்” என்ற விடை வருவது மிகப் பெரும்பான்மை. அதற்குமேல் செய்தியைச் சொல்வது எளிது: இந்த நோய் வந்தது உண்மை, அது ஈரலுக்குப் போனதும் உண்மை, மருந்துக்கு அது இப்போது பணிந்திருப்பதும் உண்மை, மருந்தைத் தொடர்ந்தால்தான் பணிந்தே இருக்கும் என்பதும் உண்மை. அன்று அந்தக் குடும்பத்துக்கு ஸ்கேன் தந்த நிம்மதியைவிட, இனி நடிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி பெரிதாக இருக்கும். சொல்லத் துணியாத குடும்பங்களும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது செவிலியர் வேலையன்று. ஆனால் நோயாளியே நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லப்படமாட்டாது என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குத் தெரிவித்துவிடுவது நேர்மை.

நல்ல செய்தி தீங்கும் செய்யும் என்பதை மாத்திரைச் சிகிச்சை பெறுவோரிடம் காணலாம். நுரையீரல் புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஜெஃபிட்டினிப் மாத்திரை கொடுத்தால் சில வாரங்களில் இருமல் அடங்கி, மூச்சு எளிதாகி, படத்தில் வெள்ளையாகத் தெரிந்த பகுதிகள் கரைந்துவிடுவதுண்டு. மாற்றம் அவ்வளவு விரைவாக நிகழ்வதால் நோய் தீர்ந்துவிட்டதென்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரும், மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் செலவைக் குறைப்போரும் உள்ளனர். செலவு பொய்யான காரணமன்று. நாட்பட்ட வெள்ளணுப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் மாத்திரை ஒரு காலத்தில் மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்டது. அதற்குக் காப்புரிமை கோரிய நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்ததால், இந்திய நிறுவனங்களின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து கிடைக்க வழி உறுதியாயிற்று. பரவிய மார்பகப் புற்றுநோயில் பயன்படும் பால்போசிக்ளிப் மருந்தின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்து, அதே மருந்தைப் பல நிறுவனங்கள் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தபோது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன கணவர் ஒருவர் மீதிப் பணத்தோடு ஓடிவந்து, கடைக்காரர் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டாரோ என்று கேட்டார். 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் கைகொடுக்கிறது. ஆயினும் பேருந்துக் கட்டணமும், கூட வருபவர் இழக்கும் கூலியும் அத்திட்டத்தில் அடங்குவதில்லை. எனவே நல்ல செய்தியைச் சொல்லும்போதே அடுத்த மூன்று மாத மாத்திரைக்கு வழி என்ன என்று கேட்டறிவதும் அச்செய்தியின் பகுதியாக இருக்க வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளிலிருந்து வரும் பீடி சுற்றும் பெண்களிடம் வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கட்டியைக் குறைக்கும் அதே வேளையில் விரல்நுனி நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை மழுங்கச் செய்கின்றன. அலுவலக வேலை செய்பவருக்கு அது தொந்தரவு. இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டி, நாளுக்கு நூற்றுக்கணக்கில் பீடி சுற்றி வாழும் பெண்ணுக்கு அது பிழைப்பின் இழப்பு. ஸ்கேன் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னதும் மடியில் இருந்த கைகளைத் தூக்கிக் காட்டி, “இது எப்பம் சரியாவும்?” என்று கேட்பவர்களை இத்தொழிலில் பார்க்கலாம். படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவர் அந்த மருந்தையே தொடர்வார். கைகளைப் பற்றி அறிந்த மருத்துவரால் அளவைக் குறைக்கவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். நோயாளிகள் தாமாக இதைச் சொல்வதில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, பீடிக்கு நூல் கட்ட வருகிறதா என்று கேட்டு, விடையைக் கோப்பில் எழுதி மருத்துவர் கண்ணில் படும்படி வைப்பது செவிலியரின் கடமை.

நல்ல செய்தி வந்ததும் நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறது. திருச்செந்தூருக்கு மொட்டை என்று நேர்ந்துகொண்டவர்கள் இங்கு மிகுதி. கீமோவில் முடி முழுவதும் உதிர்ந்து, மருந்து நின்றபின் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, தலையில் மெத்தென்று படர்ந்திருக்கும் புது முடியைத்தான் அவர்கள் காணிக்கையாகக் கொடுக்கப்போகிறார்கள். அதைத் தடுக்க நினைக்கும் மருத்துவப் பணியாளர்கள் உண்டு, அது தேவையற்றது. கேட்க வேண்டியவை இரண்டே: வெள்ளணு எண்ணிக்கை எவ்வளவு இருக்கிறது, சவரக் கத்திக்குப் புது பிளேடு போடுவார்களா. வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் தலையில் படும் சிறு கீறலும் காய்ச்சலாக மாறக்கூடும் என்பதால், கீமோ ஏற்றிய இரண்டாம் வாரத்தைத் தவிர்த்து, இரத்தப் பரிசோதனை பார்த்து நாள் குறித்துக் கொடுத்தால் முருகனுக்கும் குறையில்லை, நோயாளிக்கும் குறையில்லை. கையில் நீண்ட நரம்புக்குழாய் பொருத்தியிருப்பவர்கள் நாழிக்கிணற்றிலோ ஆற்றிலோ முங்கக் கூடாது. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். ஊர்க் கொடைக்குப் போக வேண்டும் என்று அடுத்த கீமோவைச் சில நாட்கள் தள்ளிவைக்கக் கேட்பவர்களுக்காக மருத்துவரிடம் பேசுவதும் இதைச் சேர்ந்ததே. பெரும்பாலான மருந்துகளில் அந்தச் சில நாட்களுக்கு இடமிருக்கிறது.

பகல்நேரப் பிரிவில் மகிழ்ச்சி சத்தமாக வெளிப்படுவதில்லை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக இட்டிருக்கும் கூடத்தில், ஒரே நாளில் நோய் கண்டு, ஒரே நாளில் முதல் மருந்து ஏற்றி, சாப்பாட்டுத் தூக்கைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவருக்குக் கட்டி கரைந்தும் மற்றவருக்குப் பரவியும் இருக்கலாம். நல்ல செய்தி பெற்றவர் அன்று வேறு நாற்காலி கேட்பதும், கேட்டவர்களிடம் “அப்படியேதான் இருக்காம்” என்று குறைத்துச் சொல்வதும், கண் பட்டுவிடும் என்ற அச்சத்தால் மட்டுமன்று. தனக்குக் கிடைத்தது அடுத்தவருக்குக் கிடைக்கவில்லையே என்ற கூச்சத்தால். இந்தக் கூச்சம் மதிப்புக்குரியது. அதற்கு இடம் கொடுக்கத்தான் நல்ல செய்தியையும் தனியறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு சிலருக்குச் செய்தியைக் கேட்டதும் மகிழ்ச்சியே வருவதில்லை. வயலை விற்று, மகளுக்கு அவசரமாக மணம் முடித்து, நகைகளைப் பங்கிட்டுக் கொடுத்து, போவதற்கு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு, இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோ இருக்கக்கூடும் என்ற செய்தி திகைப்பைத் தருகிறது. அந்தத் திகைப்பு நன்றிகெட்டதனம் அன்று என்று அவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவைப்பது அவசியம்.

செய்தியின் கெடு என்ன என்பதை விளக்க, இந்திய வம்சாவளி நரம்பியல் அறுவை மருத்துவரான பால் கலாநிதியின் வாழ்வைவிடத் தெளிவான சான்று இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்த அவருக்கு 2013 மே மாதம் நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மேலே சொன்ன அதே மரபணு மாற்றம் அவருக்கு இருந்ததால் எர்லோட்டினிப் மாத்திரை கொடுக்கப்பட்டு, படத்தில் நோய் பெருமளவு பின்வாங்கிற்று. அந்த நல்ல செய்தியை அவர் பயன்படுத்தியவிதம் கருதத்தக்கது: மீண்டும் அறுவை அரங்குக்குள் சென்றார், மனைவியோடு கலந்து, குழந்தை பெற்றுக்கொள்ள முடிவு செய்தார். பயிற்சி முடியும் தறுவாயில் எடுத்த ஸ்கேனில் புதிய கட்டி தெரிந்தது. 2014 ஜூலையில் மகள் பிறந்தாள். 2015 மார்ச்சில், 37 வயதில் அவர் இறந்தார். அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த ஒரு நல்ல செய்திக்குள் ஒரு மகளும் ஒரு நூலின் தொடக்கமும் அடங்கியிருந்தன. மாறாக, புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறைப் புற்றுநோய் வந்தபோது, அந்நோய்க்கு நூல்களில் குறித்திருந்த நடு ஆயுள் எட்டு மாதம். அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு புற்றுநோயால் இறந்தார். நடு ஆயுள் என்பது பாதிப்பேர் அதற்கு முன்னும் மீதிப்பேர் அதற்குப் பின்னும் இறக்கும் புள்ளி மட்டுமே, பின்னால் நிற்பவர்களுக்கு அது எல்லை அன்று என்று அவரே 1985இல் கட்டுரை எழுதி விளக்கினார். எத்தனை மாதம் என்று கேட்கும் நோயாளிக்கு ஒற்றை எண்ணைச் சொல்லாமல், அடுத்த ஸ்கேன் வரை என்ற கெடுவைச் சொல்வது இதனால்தான் பொருத்தமாகிறது.

ஸ்கேன்களுக்கு இடையே பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதம் விடுகிறார்கள். கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் ஆற்றுப்பாசன நிலத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை செல்லும் காலத்தைவிட இது கொஞ்சம் குறைவு. சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஐப்பசியில் நல்ல செய்தி கேட்டுவிட்டு, பிசானத்துக்கு நடவு வைக்கலாமா, குத்தகைக்கு விட்டுவிடட்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது விவசாயம் பற்றியன்று. மருத்துவர் யோசித்து, “நடவு வைங்க, ஆனா மகன் கூட நிக்கட்டும்” என்று விடை சொன்னார். அந்த விடையில் நம்பிக்கையும் எச்சரிக்கையும் சரியான அளவில் கலந்திருந்தன. நோயாளியின் தொழிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுத்த ஒரு வேலையைக் கெடுவோடு பொருத்திப் பேசினால், நிலைத்த நோய், பகுதி மறுமொழி போன்ற சொற்கள் ஏற்படுத்தும் குழப்பம் நீங்கிவிடுகிறது.

வலிதணிப்புச் சிகிச்சையைத் தொடங்குவதற்கும் நல்ல செய்தி வந்த நாளே ஏற்றது என்பது இத்துறையில் இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை. அந்தச் சிகிச்சை கடைசி நாட்களுக்கானது என்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் இருக்கிறது. ஜெனிஃபர் டெமலும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், நோய் கண்ட உடனேயே வலிதணிப்புக் குழுவின் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்களின் நடு ஆயுள் 11.6 மாதமாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதமாகவும் இருந்தன. முன்னவர்களிடம் மனச்சோர்வும் குறைவாகவே காணப்பட்டது. நோய் அடங்கியிருக்கும்போது பழகிய செவிலியரை, நோய் கிளர்ந்தெழும்போது நோயாளி அந்நியராகப் பார்ப்பதில்லை. வாய்வழி மார்ஃபின் மாத்திரைக்கு இருந்த சட்டச் சிக்கல்களைப் போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் பெரிதும் குறைத்தது. அதற்காக நெடுங்காலம் பாடுபட்ட டாக்டர் எம். ஆர். ராஜகோபாலின் பணி மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு நடந்ததால், அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பும் நெல்லைக்காரர்கள் பலர் மார்ஃபினை அச்சமின்றிக் கையாளக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று அளிக்கும் வலிதணிப்புக் கவனிப்பும் இடம்பெற்றுள்ளது.

முற்றிய நோயில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் அடுத்த ஸ்கேன் வேறு செய்தியைக் கொண்டுவருகிறது. அன்று குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “போன தடவை நல்லாருக்குன்னு சொன்னீயளே?” என்பதே. கெடு சொல்லாமல் நல்ல செய்தி மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு விடையில்லை. முன்னர் சொன்னது பொய்யாகிவிடுகிறது, அதைச் சொன்னவர் கொடுக்கும் மார்ஃபினையும் அவர்கள் நம்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு நல்ல ஸ்கேனுக்குப் பின்னும், நோயாளியின் கோப்பின் முதல் தாளில், அன்றைய தேதி, கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தமிழில் ஒரு வரி, எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, அடுத்த ஸ்கேன் எந்த மாதம், இடையில் எந்தெந்தத் தொந்தரவு வந்தால் காத்திராமல் வர வேண்டும் என்று எழுதி, அதை நோயாளியையே வாசிக்கச் சொல்லி, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உடன் வந்தவரை உரக்க வாசிக்கச் சொல்லி அனுப்புவது வழக்கமாக்கப்பட்டது. நோய் முன்னேறிய நாளில் அந்தத் தாளைத் திறந்து, அன்று சொன்னது அந்தத் தேதிக்கு உண்மை என்பதையும், அதற்குப் பின் அவர் நட்ட வயலும் போய்வந்த கொடையும் கொடுத்த மொட்டையும் நடந்தவையே என்பதையும் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அதே தாளின் கீழே மார்ஃபின் மாத்திரை எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதையும், மலச்சிக்கலுக்கு அதனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதிக் கொடுக்க முடிகிறது.